நம் நிலம், பிறர் கையொப்பம்

சென்ற திங்களில் ஒருநாள் மாலை, பள்ளி விட்டுத் திரும்புகையில், சேதராப்பட்டில் மயிலம் சாலையோரத்துத் தேநீர்க்கடை முன்பு எழுபது அகவை கடந்த உழவர் ஒருவர் என்னை நிறுத்தினார். மடியிலிருந்து நான்காக மடித்த தாளொன்றை எடுத்து நீட்டினார். "ஐயா, இதிலே என் நிலத்தைப்பற்றி ஏதோ எழுதியிருக்கிறதாம். என்னவென்று கொஞ்சம் படித்துச் சொல்லுங்கள்" என்றார். ஓர் அலுவலகத்திலிருந்து வந்த அறிவிப்பு அது. தொடக்கம் முதல் முடிவு வரை ஆங்கிலம். அவர் பெயர், அவர் தந்தையார் பெயர், நில அளவை எண், எல்லாம் ஆங்கிலத்தில். மறுப்புரை இருப்பின் பதினைந்து நாளுக்குள் எழுதித் தரவேண்டும் என்பது அதன் கடைசி வரி. அறிவிப்பு வந்து பதினொரு நாள் ஆகியிருந்தது.

அப் பெரியவர் எழுத்தறியாதவர் அல்லர். நாள்தோறும் அதே தேநீர்க்கடையில் தமிழ்ச் செய்தித்தாளை உரக்கப் படித்து, கேட்போர்க்கு விளக்கமும் சொல்பவர். தம் தாய்மொழியில் கற்றவரைத் தம் நிலத்தைப்பற்றிய செய்தியில் எழுத்தறியாதவராக்கியது அத்தாளின் மொழி. நான் அதனைத் தமிழிற் பெயர்த்துச் சொன்னேன். மறுப்புரையும் எழுதிக் கொடுத்தேன். அஃது ஒருவர்க்கு ஒருநாள் செய்த உதவி. இம்மண்ணைப்பற்றி இம்மண்ணினர்க்கு விளங்காத மொழியில் எழுதிக்கொள்ளும் வழக்கமோ நேற்றுத் தோன்றியதன்று. அதன் அகவை முந்நூற்றைம்பது ஆண்டு. அவ் வரலாற்றை நம்மவர் அறிதல் வேண்டும் என்பதற்காகவே இதனை எழுதுகின்றேன்.

புதுச்சேரியில் பிரெஞ்சியர் கால்கொண்டது 1673 இல். இடங்கொடுத்தவன் வாலிகண்டபுரத்தில் இருந்து பீசப்பூர்ச் சுல்தானின் பெயரால் ஆண்ட சேர்கான் உலோடி. கொடுத்தவனும் இம்மண்ணினன் அல்லன். வாங்கியவனும் இம்மண்ணினன் அல்லன். அன்று இக் கடற்கரையில் வலையிழுத்தவனையும் தறியோட்டியவனையும் எவரும் ஒரு சொற் கேட்டிலர். இருபதாண்டு கழித்து 1693 இல் ஒல்லாந்தர் இவ்வூரைப் பிடித்தனர். 1697 இல் ஐரோப்பாவில் இரிசுவிக்கு என்னும் ஊரில் ஓர் உடன்படிக்கை எழுதப்பட்டது. அதன்படி 1699 இல் ஊர் மீண்டும் பிரெஞ்சியர் கைக்கு வந்தது. அடகு வைத்த குடத்தை மீட்பதுபோல் ஓர் ஊரையும் அதன் மக்களையும் மீட்டுக்கொண்டனர்.

பின்வந்த நூற்றாண்டு முழுதும் இதே விளையாட்டு. 1761 சனவரியில் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்துக் கோட்டையையும் மாளிகைகளையும் இடித்துத் தரைமட்டமாக்கினர். 1763 இல் பாரிசு உடன்படிக்கையால் அவ் இடிபாடுகளைத் திருப்பிக் கொடுத்தனர். 1778 இல் மீண்டும் பிடித்தனர். 1783 செப்தம்பர் 3 ஆம் நாள் வெர்சாயில் எழுதப்பட்ட உடன்படிக்கையால் மீண்டும் திருப்பிக் கொடுத்தனர். 1793 இல் மறுபடியும் பிடித்தனர். 1802 இல் ஆமியான் நகர உடன்படிக்கை, அதுவும் நிலைக்கவில்லை. முடிவாக 1814 மே 30 ஆம் நாள் பாரிசில் எழுதிய உடன்படிக்கையின்படி 1816 இல் ஊர் பிரெஞ்சியரிடம் வந்துசேர்ந்தது. அரண் கட்டக்கூடாது; ஊர்க்காவலுக்கு வேண்டிய அளவுக்குமேல் படை வைக்கக்கூடாது என்பன அதிலிருந்த கட்டுப்பாடுகள்.

இவற்றுள் 1783 ஆம் ஆண்டு வெர்சாய் உடன்படிக்கை நம் கொம்யூன் மக்கள் ஒவ்வொருவரும் அறியத்தக்கது. புதுச்சேரியைத் திருப்பிக் கொடுப்பதோடு, அதனைச் சூழ்ந்த சார்புநிலமாக வில்லியனூர், பாகூர் என்னும் இரு வட்டாரங்களையும் பிரெஞ்சியர்க்குப் பெற்றுத் தருவதாக இங்கிலாந்து மன்னர் அதில் உறுதியளித்தார். காரைக்காலைச் சூழ்ந்த நான்கு மாகாணங்களுக்கும் அவ்வாறே. வில்லியனூர்த் திருக்காமீசுவரர் கோயிற் கல்வெட்டுகளும் பாகூர்ச் செப்பேடுகளும் அந்த உடன்படிக்கைக்குப் பன்னூற்றாண்டு முந்தியவை. பாகூரிற் கல்விச்சாலை ஒன்றுக்குப் பல்லவர் காலத்தில் ஊர்கள் அளிக்கப்பட்ட செய்தியை அச் செப்பேடுகள் சொல்லும். அத்தகைய தொன்மையுடைய ஊர்கள், கடல்கடந்த மாளிகையொன்றில், ஒரு நகருக்கு வாய்த்த கொல்லைப்புறமாக எழுதப்பட்டன. வண்டியை விற்பவன் உடன் நுகத்தடியையும் சேர்த்துக் கொடுப்பதில்லையா? அவ்வாறே.

இன்று சேதராப்பட்டிலிருந்து எப்பக்கம் போனாலும் சற்றுத் தொலைவில் தமிழ்நாட்டு எல்லை வரும். சாலைப் பலகை மாறும். பேருந்தின் நிறம் மாறும். மொழியும் உறவும் வயலும் மாறா. மாமன் வீடு ஓர் ஆட்சியிலும் மருமகன் வீடு மற்றோர் ஆட்சியிலும் இருக்கும். ஒட்டுத்துணி தைத்தாற்போன்ற இவ் எல்லைகளை வகுத்தது மலையன்று, ஆறன்று; மேற்சொன்ன தாள்களே. 1949 இல் இந்திய அரசு சுங்கவேலி இட்டபோது, பக்கத்தூர்ச் சந்தைக்கு நெல் கொண்டுபோவதும் எல்லை கடப்பதாயிற்று என்பதை முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

நிலத்தோடு நின்றார்களா எனின், இல்லை. 1815 மார்ச்சு 7 ஆம் நாள் இலண்டனில் மற்றோர் உடன்படிக்கை. பிரெஞ்சியர் ஆட்சிப்பகுதிகளில் விளையும் உப்பில் ஊரார் தேவைக்குப் போக எஞ்சியதனைத்தையும் ஆங்கிலேயரே வாங்குவர். அதற்கு ஈடாக ஆண்டுக்கு 4 இலக்கம் சிக்கா உரூபா பிரெஞ்சு அரசுக்கு அளிப்பர். உப்பளத்திற் கால்வெந்து நின்றவன் பெயர் அதில் இல்லை. கடல் நம்முடையது, வெயில் நம்முடையது, உழைப்பு நம்முடையது. விலைபேசியவர் இருவரும் வேற்றார்.

இனி, தமிழன்பர்கள் ஊன்றி நோக்கவேண்டிய ஒரு செய்தி. 1763 பாரிசு உடன்படிக்கையும் 1783 வெர்சாய் உடன்படிக்கையும் பிரெஞ்சு மொழியில் எழுதப்பட்டன. அவ் இரண்டன் இறுதியிலும் தனிப்பிரிவு ஒன்று சேர்க்கப்பட்டது. இவ் உடன்படிக்கையில் பிரெஞ்சு மொழி ஆளப்பட்டமை பின்னாளில் முன்காட்டாகக் கொள்ளப்படாது, அதனால் எவ்வரசின் உரிமைக்கும் ஊறு நேராது என்பது அதன் கருத்து. பாருங்கள்! போரில் வென்றவன், நாடுகளைப் பங்கிட்டுக்கொண்ட களிப்பிலும், தன் மொழியின் மதிப்பை மறந்திலன். மாற்றான் மொழியில் ஒருமுறை கையொப்பமிட்டால் அதுவே வழக்காகிவிடும் என்று அஞ்சி, அதற்கொரு காப்பெழுதி வைத்தான். நாமோ மாற்றார் மொழியில் நாள்தோறும் கையொப்பமிடுகின்றோம், காப்பெழுதியதில்லை. எழுதவேண்டும் என்று எண்ணியதும் இல்லை.

"அவர்கள் அயலார், அப்படித்தான் செய்வர். நம்மவர் ஆட்சி வந்தபின் எல்லாம் மாறியிருக்குமே" என்பார் உளர். மாறியது, ஆனால் எவ்வளவு மாறியது என்று அளந்து பார்ப்போம்.

1948 சூனில் பிரெஞ்சு அரசும் இந்திய அரசும் இப்பகுதிகளின் வருங்காலத்தை அங்கங்குள்ள மக்களே முடிவு செய்வர் என்று இசைந்தன. 1949 இல் சந்திரநாகூர் மக்கள் இந்தியாவோடு இணைய ஒப்போலையிட்டு முடிவு செய்தனர். புதுச்சேரி மக்களுக்கு அவ் வாய்ப்பு வரவே இல்லை. 1954 மார்ச்சுத் திங்களில் நெட்டப்பாக்கம் முதலிய ஊர்களில் மக்கள் எழுச்சி தோன்றியது. அதே ஆண்டு அக்தோபர் 18 ஆம் நாள் நம் வில்லியனூரை அடுத்த கீழூரில் சார்பாளர் மன்ற உறுப்பினரும் நகராட்சி உறுப்பினரும் கூடினர். வந்திருந்தோர் 178 பேர். இணைப்புக்கு இசைந்தோர் 170, மறுத்தோர் 8. நவம்பர் 1 ஆம் நாள் ஆட்சி கைம்மாறியது.

கீழூர் முடிவு தவறென்று நான் சொல்லவில்லை. அயலாட்சி நீங்கியது நன்றே. ஆண்டுதோறும் ஆகசுட்டு 16 ஆம் நாள் அவ்விடத்திற் கொடியேற்றுகின்றோம், ஏற்றத்தான் வேண்டும். ஆனால் அங்கு ஒப்போலையிட்டவர் 178 பேர். ஊர்தோறும் உழுதவரும் நெய்தவரும் அல்லர் என்னும் உண்மையும் அக் கொடிக்கம்பத்தின் அடியிலேயே இருக்கின்றது.

அதன்பின் 1956 மே 28 ஆம் நாள் புதுதில்லியில், புதுச்சேரி, காரைக்கால், மாகி, ஏனாம் ஆகியவற்றை முழுவுரிமையோடு ஒப்படைக்கும் உடன்படிக்கை கையொப்பமாயிற்று. 1962 ஆகசுட்டு 16 ஆம் நாள்தான் அது நடைமுறைக்கு வந்தது. முந்தைய உடன்படிக்கைகளைக் காட்டிலும் இது மேலானது என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். மக்கள் என்னும் சொல் இதில் இடம்பெற்றது. 1954 நவம்பருக்கு முன்பிருந்த தனி ஆட்சிநிலை இப்பகுதிகளுக்குத் தொடரும். அதனை மாற்றவேண்டின் மக்கள் விருப்பத்தை அறிந்தே மாற்றல் வேண்டும் என்கிறது இரண்டாம் பிரிவு. மக்களின் சார்பாளர்கள் வேறு முடிவு செய்யும்வரை பிரெஞ்சு மொழியே இங்கு ஆட்சிமொழியாக நீடிக்கும் என்கிறது இருபத்தெட்டாம் பிரிவு.

பிரெஞ்சியர் போகும்போதும் தம் மொழிக்கு ஒரு பிரிவு எழுதிவைத்தே போயினர். அவர்களைக் குறைகூற மாட்டேன். தாய்மொழிப் பற்றுடையவன் அப்படித்தான் செய்வான். நான் வருந்துவது, நம் பக்கத்தில் அமர்ந்திருந்தவர் எவர்க்கும் இம்மண்ணின் மொழிக்கும் அங்கேயே ஒரு பிரிவு எழுதிவிடவேண்டும் என்று தோன்றாமற் போனதற்கே.

அவ் உடன்படிக்கையில் மற்றொன்றும் இருந்தது. பிரெஞ்சுக் குடியுரிமையை விரும்புவோர், அது நடைமுறைக்கு வந்த ஆறு திங்களுக்குள் எழுத்தால் அறிவித்து அதனைத் தக்கவைத்துக் கொள்ளலாம். நகரத்தில் இருந்தவர், அலுவல் பார்த்தவர், பிரெஞ்சு கற்றவர் அறிந்தனர், அறிவித்தனர். சிற்றூர்களிற் பலர்க்கு அப்படியொரு வாய்ப்பிருந்ததே ஆறு திங்கள் கழிந்த பின்னர்தான் தெரிந்தது என்று முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அவ் உரிமையை விரும்புவதும் விரும்பாததும் அவரவர் உளப்பாங்கு. ஆனால், வேண்டாம் என்று சொல்வதற்கும் அப்படியொன்று உண்டென்று தெரிந்திருக்க வேண்டுமே! அன்று ஆறு திங்கள். இன்று நம் பெரியவர்க்குப் பதினைந்து நாள்.

புதுவையில் மட்டுமா இந்நிலை? 1964 அக்தோபர் 30 ஆம் நாள் இந்தியத் தலைமையமைச்சர் சாசுதிரியும் இலங்கைத் தலைமையமைச்சர் சிறிமாவோவும் ஓர் உடன்படிக்கை செய்தனர். 1948 இல் இலங்கை அரசு குடியுரிமை பறித்த மலையகத் தமிழர் 9,75,000 பேரைப்பற்றியது அது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றனர். 1974 இல் அவர்களையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டனர். தேயிலைக் காட்டைத் தங்கள் குருதியால் தளிர்க்கச் செய்த மக்களை மூட்டை எண்ணுவதுபோல் எண்ணிய அத்தாளில் அம்மக்களுள் ஒருவர் கையொப்பமும் இல்லை. அதே 1974 இல் கச்சத்தீவைப்பற்றியும் இரு நடுவணரசுகள் எழுதிக்கொண்டன. அங்கே வலை உலர்த்திய இராமேசுவரத்து மீனவனை எவர் கேட்டார்?

ஆகவே, குற்றம் தோலின் நிறத்தில் இல்லை. எவர் நிலத்தைப்பற்றி எழுதுகின்றோமோ அவரை விலக்கி வைத்துவிட்டு எழுதும் வழக்கமே குற்றம். அவர்களுக்கு விளங்காத மொழி அவ் விலக்கலுக்கு வாய்த்த கதவு.

அக்கதவை உடைத்துத் திறந்தவரும் உளர். நியூசிலாந்தின் தொல்குடியினராகிய மாவோரி மக்களைப் பற்றி நம்மவர் கட்டாயம் அறிதல் வேண்டும். 1840 பிப்ரவரி 6 ஆம் நாள் வைத்தாங்கி என்னும் இடத்தில் ஆங்கில அரசும் மாவோரித் தலைவர்களும் உடன்படிக்கை செய்தனர். அது மாவோரி மொழியிலும் பெயர்த்தெழுதப்பட்டது. அவ்வாண்டில் 500 க்கு மேற்பட்ட தலைவர்கள் ஒப்பமிட்டனர். அவர்களுட் பெரும்பாலோர் ஒப்பமிட்டது மாவோரிப் படியிலேதான். இரு படிகளும் ஒன்றையே சொன்னவா? இல்லை. ஆங்கிலப் படியோ நாட்டின் இறைமை முழுவதையும் தலைவர்கள் அரசியார்க்குக் கொடுத்துவிட்டதாகச் சொல்லியது. மாவோரிப் படியோ 'காவனத்தங்கா', அஃதாவது ஆளுநர் செய்யும் மேலாண்மையை மட்டும் கொடுத்ததாகவும், தங்கள் நிலம், ஊர், செல்வம் அனைத்தின்மீதும் 'இரங்கத்திரத்தங்கா' என்னும் தலைமையுரிமை தங்களிடமே நிற்பதாகவும் சொல்லியது. ஒரு சொல் மாறியதில் ஒரு நாடு கைம்மாறியது. மொழிபெயர்ப்பு என்பது சிறு பணி என்று எண்ணுவார் இதனை எண்ணிப் பார்க்க.

1877 இல் அந்நாட்டு முறைமன்றத் தலைமை நடுவர் ஒருவர் அவ் உடன்படிக்கை செல்லாத்தாள் என்றே தீர்ப்பெழுதினார். மாவோரியர் அதனைக் கிழித்தெறிந்துவிடவில்லை. தம் மொழியில் எழுதப்பட்ட படியைத் தலைமுறை தலைமுறையாகக் கையில் ஏந்தி நின்றனர். 1975 இல் அவ் உடன்படிக்கை மீறல்களை உசாவத் தனி மன்றம் அமைந்தது. உடன்படிக்கை காப்பளித்த செல்வங்களுள் மொழியும் ஒன்றே என்று அம்மன்றம் 1986 இல் உரைத்தது. 1987 இல் மாவோரி மொழி சட்டத்தால் ஆட்சிமொழி ஆயிற்று. நூற்று நாற்பத்தேழு ஆண்டு! செல்லாத்தாளென்று சொல்லப்பட்டதைச் செல்லத்தக்கதாக்கியது, அதனைத் தம் மொழியில் படித்தறிந்து மறவாதிருந்த மக்களின் உறுதியே.

நம் கையிலும் தாள் இருக்கின்றது. 1979 சனவரியில் புதுச்சேரியை அண்டை மாநிலத்தோடு இணைக்கும் பேச்செழுந்தபோது இங்குள்ள மக்கள் கொதித்தெழுந்தனர், அம்முயற்சி கைவிடப்பட்டது. தமிழர் நிலம் ஒன்றாக இருத்தலைப்பற்றி நமக்குள் வெவ்வேறு கருத்து இருக்கலாம். ஆனால், மக்களைக் கேளாது எதுவும் செய்யற்க என்னும் அவ் உரிமை உடன்படிக்கையின் இரண்டாம் பிரிவிலேயே எழுதப்பட்டிருப்பதை எத்தனை பேர் அறிவோம்?

மொழிக்கும் தாள் உண்டு. இருபத்தெட்டாம் பிரிவு சொன்னபடி மக்களின் சார்பாளர்கள் வேறு முடிவு செய்துவிட்டனர். 1965 ஆம் ஆண்டுப் புதுச்சேரி ஆட்சிமொழிச் சட்டம் தமிழை ஆட்சிமொழி என்கிறது. மாகியில் மலையாளத்துக்கும் ஏனாமில் தெலுங்குக்கும் இடந்தருகிறது. ஆங்கிலத்தையும் ஆளலாம் என்று கூடவே ஒரு வரி உண்டு. வீட்டுக்காரர்க்கு விருந்தினர் ஒருநாள் துணையிருக்கலாம் என்று எழுதிய வரி அது. இன்று விருந்தினர் நடுக்கூடத்திலும் வீட்டுக்காரர் திண்ணையிலும் இருக்கின்றனர். உம்மைத் தொகையாக வந்த மொழி எழுவாயாகிவிட்டது. பெயர்ப்பலகையில் தமிழ் உண்டு. உள்ளே கோப்பில் ஆங்கிலம்.

இதில் நம் குற்றமும் உண்டு, சொல்லத்தான் வேண்டும். சன்னல் என்பதா, காலதர் என்பதா என்று நாம் திங்கள்தோறும் வழக்காடுகின்றோம். அவ் வழக்காடல் வேண்டாம் என்று நான் சொல்லேன்; முப்பதாண்டாக அதில் நானும் ஓராள். ஆனால், காலதருக்கு நல்ல பெயர் சூட்டிக்கொண்டிருக்கையில் வீட்டின் விலையாவணம் நமக்கு விளங்காத மொழியில் எழுதப்பட்டுக்கொண்டிருக்குமானால், அத் தூய சொல்லை எந்த வீட்டில் வைத்து ஆள்வது? சொல்லைக் காப்பதும் அச்சொல்லால் தன் உரிமையைக் கேட்பவனைக் காப்பதும் ஒரே பணியின் இரு கைகள்.

ஆதலின் செய்யத்தக்கன இவை. முதலாவது, 1783 முதல் 1956 வரை நம் நிலத்தைப்பற்றி எழுதப்பட்ட உடன்படிக்கைகள் நல்ல தமிழில், உழவர்க்கும் நெசவாளர்க்கும் விளங்கும் தமிழில், பெயர்க்கப்பட்டு ஒவ்வொரு கொம்யூன் நூலகத்திலும் பள்ளியிலும் வைக்கப்படல் வேண்டும். அரசு செய்யுமட்டும் காத்திராது தமிழாசிரியர்கள் நாமே தொடங்கலாம். பிரெஞ்சறிந்த முதியோர் இன்னும் நம்மிடையே இருக்கின்றனர். இரண்டாவது, ஒருவர் நிலத்தையோ வீட்டையோ தொழிலையோ தொடும் எந்த அறிவிப்பும் தமிழில் வந்தாலன்றிச் செல்லாது என்று சட்டமன்றம் விதித்தல் வேண்டும். மறுப்புக்குரிய நாட்கள் தமிழ்ப்படி கைக்கு வந்த நாளிலிருந்தே எண்ணப்படல் வேண்டும். மூன்றாவது, இவ்விதழைப் படிக்கும் ஒவ்வொருவரும் அலுவலகங்களுக்குத் தமிழிலேயே எழுதுக. தமிழிலேயே மறுமொழி கேட்க. ஆங்கிலத்தில் வந்தால், 1965 ஆம் ஆண்டுச் சட்டத்தைக் குறிப்பிட்டுத் திருப்பி அனுப்புக. ஒருவர் செய்தால் அடம் என்பர். ஊரே செய்தால் வழக்கம் என்பர்.

மேற்சொன்ன பெரியவரின் மறுப்புரையைப் பதின்மூன்றாம் நாள் அவரோடு சென்று கொடுத்தேன். வாங்கிய எழுத்தர் தமிழிலிருந்த தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஆங்கிலத்தில் எழுதித் தரக்கூடாதா?" என்றார். பெரியவர் எனக்கு முந்திக்கொண்டார். "என் நிலத்தைப்பற்றி நான் எழுதியதை நான் படித்துப் பார்க்க வேண்டாமா, ஐயா?" என்றார். எழுத்தர் ஒன்றும் சொல்லாமல் முத்திரையிட்டுப் பெற்றுக்கொண்டார். பெரியவர் அத்தாளின் படியில் தம் பெயரைத் தமிழில் எழுதிக் கையொப்பமிட்டு, மடியில் வைத்துக்கொண்டார்.